வேளாண்மைக் கல்லூரி மாணாக்கரும் சிறப்புப் பாடத் தேர்வும்

பயிர்த்தொழிலையே பரம்பரையாகக் கொண்ட குடும்பங்கள் பலவற்றிலிருந்து இப்பொழுது புதல்வரும் புதல்வியரும் வேளாண்மைக் கல்லூரிகளுக்குச் சென்று பயின்று வருகின்றனர். நான்கு ஆண்டுகள் கற்று இளநிலைப் பட்டம் பெறும் தறுவாயில் அவர்கள் எதிரே ஒரு கேள்வி வந்து நிற்கின்றது. மேற்கொண்டு படிப்பதா? படிப்பதாயின் எந்தச் சிறப்புப் பிரிவில் படிப்பது? இக்கேள்விக்கு விடை காண மாணாக்கர் எடுத்துக்கொள்ளும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்களே. முந்திய ஆண்டில் சென்றவர் ஒருவர் சொன்னது, மதிப்பெண் வரிசையில் கிடைத்த இடம், தந்தையாருக்குத் தெரிந்த உத்தியோகஸ்தரின் யோசனை ஆகிய இவற்றைக் கொண்டே காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு போகத்துக்கு விதை தெரிந்தெடுக்கும்பொழுது, மண், நீர், பருவம், வயது, விலை என்று ஐந்தாறு விஷயங்களை ஆராயும் நம் விவசாயிகள், பிள்ளையின் முப்பது ஆண்டுத் தொழிலை நிர்ணயிக்கும் இவ்விஷயத்தில் அவ்வளவு ஆராய்வதில்லை.

இது பெற்றோரை மட்டும் பொறுத்த விஷயமன்று. இன்று கல்லூரியில் பயிலும் மாணாக்கரே நாளை நம் வட்டாரத்து வேளாண் அலுவலராகவும், ஆராய்ச்சிப் பண்ணையின் நிபுணராகவும், விதைக் கம்பெனியின் முகவராகவும் நம் வரப்பின்மேல் வந்து நிற்கப் போகிறவர்கள். மனம் பொருந்தாத பிரிவைக் கற்றவர் சொல்லும் யோசனையின் பயனை அனுபவிக்கப் போகிறவர் விவசாயியே. ஆகவே இப்பிரிவுகள் எவ்வாறு ஏற்பட்டன, ஒவ்வொன்றின் வேலை யாது, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறை என்ன என்பவற்றை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

பிரிவுகள் ஏற்பட்ட விதம்

தென்னாட்டில் விவசாயக் கல்வி 1868-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஏற்பட்ட பள்ளியுடன் தொடங்கியது. அது 1906-ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. உழவு, எரு, கால்நடை, கருவிகள் ஆகிய யாவற்றையும் ஒருவரே கற்றுப் பிறருக்குப் போதித்தல் ஆரம்ப காலத்தில் போதுமானதாயிருந்தது. ஆயினும் பயிர்களில் உண்டாகும் தொல்லைகளை ஆராயப் புகுந்த பின்னர், ஒருவர் அறிவுக்கு எல்லாம் அடங்கா என்பது விளங்கிற்று. தாவர நூல் வல்லார், இரசாயனம் வல்லார், பூச்சி நூல் வல்லார், பூசண நூல் வல்லார் என்று தனித்தனியே நிபுணர் வேண்டியவராயினர்.

இவ்வாறு பிரிந்து உழைத்ததன் பலன் விரைவிலேயே தெரிந்தது. 1912-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டன. கரும்பு நிலையத்தில் பார்பர் துரையும் அவருக்குப்பின் டி. எஸ். வேங்கடராமனும் நாட்டுக் கரும்பினத்தை நாணல் வகையைச் சேர்ந்த காட்டுக் கரும்புடன் கலந்து, 1918-ஆம் ஆண்டில் கோ 205 என்னும் வகையை வெளியிட்டனர். அது கோயமுத்தூரில் பிறந்ததாயினும் வட இந்தியக் கரும்பு வயல்களிலேதான் மிகுதியாகப் பரவிற்று. நெல் நிலையத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட ஜி. ஈ. பி. 24 என்னும் சன்ன நெல் 1921-ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்னர் பல நாடுகளில் புதிய நெல் வகைகளுக்குப் பெற்றோராயிற்று. ஒரே பயிரில், ஒரே நோக்கத்தில், ஆண்டுக்கணக்காக மனத்தைச் செலுத்தியவர்களாலேயே இவை கைகூடின.

1958-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கல்லூரி முதுநிலை, முனைவர் பட்டங்களுக்குரிய நிலையமாக அங்கீகரிக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டில் மதுரையில் மற்றொரு கல்லூரி தோன்றிற்று. 1971-ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கிள்ளிகுளம், திருச்சிராப்பள்ளி, பெரியகுளம், மேட்டுப்பாளையம் முதலிய இடங்களிலும் அதன் கல்லூரிகள் இப்பொழுது நடைபெறுகின்றன. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண்மைப் புலம் உண்டு.

ஒவ்வொரு பிரிவின் வேலை

பிரிவுகளின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவற்றின் வேலை இன்னதென்று விளங்குவதில்லை. வயலில் நிற்கும் விவசாயி கேட்கும் கேள்விகளைக் கொண்டு அவற்றை அறிதல் எளிது.

"எப்பொழுது விதைப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, எத்தனை முறை தண்ணீர் கட்டுவது, களையை எவ்வாறு அடக்குவது?" என்னும் கேள்விகளுக்கு விடை கூறுவது உழவியல். இதைக் கற்பவர் வெயிலிலும் சேற்றிலும் நின்று பாத்தி பாத்தியாக அளந்து குறிப்பெழுதும் பொறுமையுடையவராதல் வேண்டும்.

"இதைவிட அதிகம் விளையும் வகை உண்டா? சாயாத வகை உண்டா? நோய் தாங்கும் வகை உண்டா?" என்னும் கேள்விகளுக்கு உரியது பயிர்ப் பெருக்கமும் மரபியலும். இரு வகைகளைக் கலந்து, அவற்றின் சந்ததிகளை ஆறேழு தலைமுறை வரை பொறுக்கி, பின்னர் ஆராய்ச்சி நிலையங்களிலும் விவசாயிகள் நிலங்களிலும் சோதித்து, ஒரு புது வகையை வெளியிடுதற்குச் சாதாரணமாகப் பத்து ஆண்டுகள் வரை செல்லும். உடனடியாகப் பலன் காண விரும்புகிறவர்க்கு இது ஏற்றதன்று. ஆனால் பலன் கிட்டின் அது பல லட்சம் ஏக்கர் வரை பரவக்கூடும். நம் திரூர்க்குப்பத்து டி. கே. எம். 6 என்னும் நெல் 1952-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிலிப்பைன்ஸ் தேசத்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, நம் வயல்களில் நெடுங்காலம் நின்ற ஐ. ஆர். 20 நெல்லுக்கு அது ஒரு பெற்றோராக அமைந்தது.

நல்ல வகை கிடைத்தபின் அதன் தூய்மையும் முளைப்புத் திறனும் கெடாமல் விதையாகப் பெருக்கிச் சேமித்து விவசாயியிடம் சேர்ப்பது விதை நுட்பவியல். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ் நடைபெறும் பரிசோதனைகளும் சான்றளிப்பும் இதனுடன் தொடர்புடையவை.

மண்ணின் களர், உவர், புளிப்பு, சத்துக் குறைவு ஆகியவற்றை ஆராய்ந்து எருவின் அளவைக் கூறுவது மண்ணியலும் வேளாண் இரசாயனமும். இதன் வேலை பெரும்பாலும் பரிசோதனைச் சாலையில் நடைபெறும். மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராய்ந்து, ரைசோபியம், அசோஸ்பைரில்லம் முதலிய உயிர் உரங்களை அளிப்பது நுண்ணுயிரியல்.

புழு, பூச்சிகளைப்பற்றியது பூச்சியியல். பூசணம், பாக்டீரியா, வைரஸ் ஆகியவற்றால் வரும் நோய்களைப்பற்றியது பயிர் நோயியல். வேரைத் தாக்கும் நூற்புழுக்களைப்பற்றியது நூற்புழுவியல். இம்மூன்றும் பருவத்தை எதிர்பார்த்து நடைபெறும் வேலைகள். பூச்சி வந்த காலத்தில் விடுமுறை என்பது கிடையாது.

பழம், காய்கறி, மலர், மலைத் தோட்டப் பயிர் ஆகியவற்றை ஆராயும் தோட்டக்கலைக்கு இளநிலையிலேயே தனிப் பட்டம் உண்டு. நீர்ப்பாசனம், மண் அரிப்புத் தடுப்பு, இயந்திரங்கள் ஆகியவற்றைப்பற்றிய வேளாண் பொறியியலும், காட்டியலும், பட்டுப்புழு வளர்ப்பும் அத்தகையனவே. விளைபொருளின் விலை, கடன், சந்தை, சாகுபடிச் செலவு ஆகியவற்றைக் கணக்கிடுவது வேளாண் பொருளாதாரம். ஆராய்ச்சியில் கண்ட உண்மையை விவசாயி ஏற்று நடக்கும் வகையில் எடுத்துச் சொல்வது எவ்வாறு என்பதை ஆராய்வது விரிவாக்கக் கல்வி. கணக்கில் விருப்பமுடையவருக்கு முன்னதும், மனிதரோடு பழகுவதில் விருப்பமுடையவருக்குப் பின்னதும் ஏற்றவை.

பிரிவுகள் தனித்தனியே நின்று பயனில்லை

இவற்றுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று கேட்போர் உளர். கொங்கு நாட்டு விவசாயிகள் மறந்திருக்க முடியாத ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதற்கு விடை கூறலாம்.

2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி காணப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது மரவள்ளி, மல்பெரி முதலியவற்றிலும் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. மருந்து தெளிக்கத் தெளிக்க அது குறையவில்லை. அப்பூச்சி இன்ன இனத்தைச் சேர்ந்தது என்று கண்டறிந்தவர் பூச்சி வகைப்பாடு கற்றவர். இனம் தெரிந்த பின்னரே அது மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளுக்கு உரியதென்றும், அங்கே அதைத் தின்று அடக்கும் ஒட்டுண்ணிகள் உண்டென்றும் அறிய முடிந்தது. 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிகள் வருவிக்கப்பட்டு, பெங்களூரில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டன. பின்னர் கோயமுத்தூர் முதலிய இடங்களில் பெருமளவில் வளர்த்து வயல்களில் விடப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி நன்கு நிலைத்து மாவுப்பூச்சியை அடக்கிற்று.

இவ்வளவும் பூச்சியியலாரின் திறமையே என்று தோன்றும். ஆயினும் குளவியை விட்ட வயலில் விவசாயி மருந்து தெளித்தால் குளவியே முதலில் மடியும். ஆகவே மருந்தை நிறுத்துமாறு விவசாயியை இணங்கச் செய்வது இன்றியமையாததாயிற்று. அது விரிவாக்கம் கற்றவரின் வேலை. வகைப்பாட்டு அறிவை "புத்தகப் பூச்சி படிப்பு" என்றும், விரிவாக்கத்தை "பேச்சுப் படிப்பு" என்றும் இகழ்வோர் இவ்வொரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். 2020-ஆம் ஆண்டில் மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி நம் நாட்டில் காணப்பட்டபொழுதும், ஆப்பிரிக்காவில் முன்னரே அதை அடக்கிய அனாகைரஸ் லோபெஸி என்னும் ஒட்டுண்ணி வருவிக்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவில் விடப்பட்டது. முன் நிகழ்ச்சியில் பெற்ற பயிற்சி பின் நிகழ்ச்சியில் உதவிற்று.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. கல்லூரியில் பிரிவுகள் பல, வயல் ஒன்றே. நெற்பயிர் மஞ்சளித்தது என்று ஒரு விவசாயி வந்து சொன்னால், அதற்குத் தழைச்சத்துக் குறைவு காரணமாயிருக்கலாம். துத்தநாகக் குறைவு காரணமாயிருக்கலாம். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ என்னும் வைரஸ் நோய் காரணமாயிருக்கலாம். நூற்புழுவோ வடியாத நீரோ காரணமாயிருக்கலாம். தம் பிரிவை மட்டும் அறிந்தவர் எதிலும் தம் பிரிவின் குற்றத்தையே காண்பார். பூச்சி நூல் மட்டும் அறிந்தவர் மருந்தையும், மண் நூல் மட்டும் அறிந்தவர் உரத்தையும் எழுதிக் கொடுப்பர். இரண்டும் தவறாயின் செலவு விவசாயியின் தலைமேல் விழும். ஆதலின் இளநிலை வகுப்பின் நான்கு ஆண்டுகளில் எல்லாப் பாடங்களையும் பழுதறக் கற்றபின் ஒன்றில் ஆழ்வதே முறை. சிறப்புப் பாடத்தை முதலாண்டிலேயே தீர்மானித்துவிட்டு மற்றவற்றைத் தேர்வுக்கு மட்டும் படிப்பவர் அடிவாரமின்றிச் சுவர் எழுப்புகிறார்.

பெரியோர் தேர்ந்த வழி

கும்பகோணத்தில் 1925-ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் மருத்துவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாமும் மருத்துவராவார் என்றே எதிர்பார்க்கப்பட்டவர். முதலில் விலங்கியலில் பட்டம் பெற்றார். 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்ட செய்தி அவர் மனத்தை மாற்றிற்று. கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர் டில்லியில் மரபியலும் பயிர்ப் பெருக்கமும் கற்றார். அக்காலத்தில் இந்தியப் போலீஸ் உத்தியோகத்துக்கும் தேர்ச்சி பெற்றார். ஆயினும் அதனை விடுத்து, 1949-ஆம் ஆண்டில் உதவிச் சம்பளம் பெற்று ஹாலந்து தேசத்துக்குச் சென்று உருளைக் கிழங்கின் மரபியலை ஆராய்ந்தார். 1952-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் கோதுமையிலும் நெல்லிலும் அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. 2023-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அடுத்த ஆண்டில் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. நாட்டின் பசியை எவ்வாறு தீர்ப்பது என்னும் வினாவே அவருக்கு முன் நின்றது. பாடம் அதன்பின் வந்தது. விலங்கியலில் செலவிட்ட ஆண்டுகள் வீணாயின என்று எவரும் கூறார்.

தலைச்சேரியில் 1897-ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் ஜானகி அம்மாள் சென்னையில் தாவர நூல் கற்று, அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆராய்ந்து, 1931-ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி வாயிலைக் காண்பதே அரிதாயிருந்த காலம் அது. கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை வேறு புல்லினங்களுடன் கலந்து ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம்களைப்பற்றிய பெருநூலை டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து 1945-ஆம் ஆண்டில் வெளியிட்டார். "பெண்பிள்ளைக்கு வயலில் நிற்கும் பிரிவு எதற்கு? ஏதாவது எளிய பிரிவை எடுக்கட்டும்" என்று கூறும் பெற்றோர் இப்பொழுதும் உளர். பிரிவைத் தெரிந்தெடுக்கும் காரியத்தில் ஆண், பெண் என்னும் வேற்றுமைக்கு இடமில்லை என்பதற்கு அவ்வம்மையாரின் வாழ்க்கையே சான்று.

தேர்வில் நேரும் தவறுகள்

முதலாவது, பெயரில் மயங்குதல். ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பிரிவுக்குக் கிராக்கி உண்டாகிறது. உயிர்த் தொழில்நுட்பம் என்னும் பெயரைக் கேட்டு மயங்கிச் சேர்ந்தவர்களுள், அதன் வேலை நாள் முழுதும் பரிசோதனைச் சாலையில் என்று பின்னரே அறிந்து வருந்தினவர் உண்டு. சேரும் ஆண்டில் கிராக்கியுள்ள பிரிவுக்குப் படித்து வெளிவரும் ஆண்டிலும் அதே கிராக்கி இருக்கும் என்பது நிச்சயமில்லை. எல்லோரும் வெங்காயம் நட்ட ஆண்டில் வெங்காய விலை என்னவாகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, சர்க்கார் உத்தியோகம் ஒன்றையே குறியாகக் கொண்டு மேற்படிப்பில் சேருதல். வட்டார வேளாண் அலுவலர் பதவிக்கு இளநிலை வேளாண்மைப் பட்டமே அடிப்படைத் தகுதி. போட்டித் தேர்வில் வெற்றி பெறுதலே வேண்டுவது. பாங்குகளின் வேளாண் கள அதிகாரி பதவிக்கும் நான்கு ஆண்டுப் பட்டம் போதும். இவ்வுத்தியோகங்களை மட்டும் விரும்புகிறவர் இரண்டு ஆண்டுகளை ஒரு சிறப்புப் பாடத்தில் செலவிடுவதைவிடத் தேர்வுக்குத் தயாராவதே பொருந்தும். கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சி நிபுணர் ஆகிய பதவிகளோ பாடவாரியாகவே நிரப்பப்படுகின்றன. அகில இந்தியத் தகுதித் தேர்வும் பாடவாரியாகவே நடைபெறுகிறது. முதுநிலையில் எடுத்த பாடத்தைப் பின்னர் மாற்றிக்கொள்வது இங்கே மிகவும் கடினம். ஆதலின் ஆராய்ச்சியையோ போதனையையோ நாடுகிறவர் முதுநிலைப் பாடத்தைத் தெரிந்தெடுக்கும்பொழுதே மிகுந்த யோசனை செய்தல் வேண்டும்.

மூன்றாவது, மதிப்பெண்ணின் போக்கிலேயே போதல். ஒரு பாடத்தில் அதிக மதிப்பெண் கிடைத்தது ஆசிரியர் நன்கு போதித்ததனாலும் ஆகலாம். வினாத்தாள் எளிதாயிருந்ததனாலும் ஆகலாம். மதிப்பெண்ணைப் புறக்கணிக்க வேண்டுவதில்லை. ஆனால் வற்புறுத்துவார் எவருமின்றி எந்தப் பாடத்தின் புத்தகத்தைப் பிள்ளை தானே எடுத்துப் படிக்கிறான் என்பதைக் கவனித்தல் அதனினும் நல்ல அடையாளம்.

நான்காவது, பெற்றோரின் விருப்பத்தைப் பிள்ளைமேல் சுமத்துதல். செலவைத் தாங்குகிறவர் யோசனை சொல்லுதல் நியாயமே. ஆயினும் முப்பது ஆண்டுகள் அவ்வேலையைச் செய்யப் போகிறவர் பிள்ளை. "இதில் சேராவிட்டால் பணம் அனுப்பமாட்டேன்" என்று பிடிவாதம் செய்து சேர்த்த பிள்ளை, படிப்பை நடுவில் விடுவதும், முடித்தும் வேறு தொழிலுக்குச் செல்வதும் நேருகின்றன. அப்பொழுது பணமும் காலமும் ஒருங்கே நஷ்டமாகின்றன.

செலவும் காலமும்

இளநிலைக்கு நான்கு ஆண்டுகள், முதுநிலைக்கு இரண்டு, முனைவர் பட்டத்துக்கு மூன்று என்று வைத்தால், பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இருபத்தேழு வயதில் வெளிவருவார். ஆராய்ச்சி நீண்டால் இன்னும் செல்லும். இக்காலம் முழுதும் குடும்பம் தாங்குமா என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நிலத்தை ஈடு வைத்து மேற்படிப்புக்கு அனுப்ப எண்ணுவோர், முதலில் உதவிச் சம்பளத்துக்கு வழியுண்டா என்று விசாரித்தல் அவசியம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் முதுநிலைச் சேர்க்கைக்கென நடைபெறும் அகில இந்தியத் தேர்வில் முன்னணியில் நிற்போருக்கு உதவிச் சம்பளம் கிடைக்கும். அத்தேர்வும் பாடப் பகுதிவாரியாகவே நடைபெறுவதால், இறுதியாண்டின் தொடக்கத்திலேயே மாணாக்கர் தம் பிரிவைத் தீர்மானித்துப் படிக்கத் தொடங்குதல் நன்று. கடைசி மாதத்தில் தீர்மானிப்பவருக்கு இடம் கிடைப்பினும் உதவிச் சம்பளம் கிடைப்பது அரிது.

சோதித்து அறியும் முறை

புது விதையை முழு நிலத்திலும் விதைக்காமல் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்ப்பது நம் வழக்கம். பாடத் தேர்விலும் அம்முறையே சிறந்தது.

முதலாவது, விடுமுறையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குச் சென்று அங்கு நடக்கும் வேலையை நேரில் காணுதல். நெல்லுக்கு ஆடுதுறை, அம்பாசமுத்திரம், திரூர், பயறு வகைகளுக்கு வம்பன், எண்ணெய் வித்துக்களுக்குத் திண்டிவனம், கரும்புக்குக் கடலூர், மானாவாரிப் பயிர்களுக்குக் கோவில்பட்டி, தென்னைக்கு ஆழியாறு நகர், மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஏத்தாப்பூர் என்று ஜில்லாதோறும் நிலையங்கள் உண்டு. முன்கூட்டி எழுதி அனுமதி பெற்றுச் சில நாட்கள் உடனிருந்தால், ஒரு நிபுணரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பது விளங்கும்.

இரண்டாவது, இறுதியாண்டில் மாணாக்கர் கிராமத்தில் தங்கி விவசாயிகளுடன் பழகும் பயிற்சியைப் பயன்படுத்திக்கொள்ளுதல். இதனை முடிக்கவேண்டிய கடமையாக மட்டும் கருதாமல், கிராமத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வரவேண்டும். தமக்கு விடை தெரியாத கேள்விகளுள் எவற்றுக்கு விடை காணும் ஆவல் இரவிலும் நீங்காதிருக்கிறதோ, அக்கேள்விகள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்று பார்த்தால் தேர்வு பெரும்பாலும் தானே முடிந்துவிடும்.

மூன்றாவது, அப்பிரிவில் முன்பே படித்து ஐந்தாறு ஆண்டுகள் ஆனவர் இருவரையேனும் கண்டு விசாரித்தல். ஒருவர் திருப்தியடைந்தவராகவும் மற்றவர் வேறு தொழிலுக்குச் சென்றவராகவும் இருத்தல் நலம். ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர் யார், அவரிடம் பயின்றோர் எங்கே இருக்கின்றனர், வயல் வேலை எவ்வளவு, பரிசோதனைச் சாலை வேலை எவ்வளவு, கணக்கும் புள்ளிவிவரமும் எவ்வளவு தேவை என்று கேட்டறிதல் வேண்டும். புள்ளிவிவரக் கணக்கு எப்பிரிவிலும் தவிர்க்க முடியாதது. அதை அஞ்சி ஒரு பிரிவை விடுத்து இன்னொன்றுக்குச் செல்வதில் பயனில்லை.

நிலத்துக்கே திரும்புவோர்

கற்ற பிள்ளை நிலத்துக்குத் திரும்புதல் தோல்வி என்னும் எண்ணம் நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. இது நீங்கவேண்டும். சொந்த நிலத்தைத் திருத்தமாக நடத்த விரும்புவோர்க்கு இளநிலைக் கல்வியே பெரும்பாலும் போதும். நாற்றங்கால் பண்ணை, விதைப் பண்ணை, பழத் தோட்டம், காளான் வளர்ப்பு என்று ஒன்றைக் குறித்துத் தொழில் நடத்த எண்ணுவோர்க்கு மட்டும் அதற்குரிய சிறப்புப் பயிற்சி உதவும். வேளாண்மைப் பட்டதாரிகள் கிராமத்தில் ஆலோசனை நிலையமும் இடுபொருள் நிலையமும் அமைத்துக்கொள்ள மத்திய சர்க்கார் 2002-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய திட்டத்தின்கீழ்ப் பயிற்சியும் பாங்குக் கடனும் மானியமும் உண்டு. மருந்துக் கடைக்காரர் கையில் கிடைத்த புட்டியை எடுத்துக் கொடுக்கும் ஊரில், பயிரைப் பார்த்து மருந்தே வேண்டாம் என்று சொல்லக்கூடிய பட்டதாரி ஒருவர் இருப்பாராயின் அவ்வூருக்கு வரும் லாபம் சிறிதன்று.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் மூன்று விதமாக உதவலாம். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு வேண்டிய விசாரணையைத் தாமதமின்றி முடித்துக் கொடுத்தல் முதலாவது. கடைசி நாளில் சான்றிதழ் கிடைக்காமல் இடத்தை இழந்தவருக்கு அவ்வாண்டு திரும்பக் கிடைப்பதில்லை. சர்க்கார்ப் பள்ளிகளில் பயின்றோர்க்கு வேளாண்மை முதலிய தொழிற் படிப்புகளில் நூற்றுக்கு 7.5 வீதம் இடங்களை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியிருப்பதைப் பெற்றோருக்கு அறிவித்தல் இரண்டாவது. பயிற்சிக்கு வரும் மாணாக்கருக்குத் தங்க நல்ல இடமும், சாகுபடிக் கணக்குகளைக் காணும் வசதியும், அனுபவமுள்ள விவசாயிகளின் அறிமுகமும் செய்து கொடுத்தல் மூன்றாவது. மாணவியர் வரின் அவர்களுக்குத் தக்க பாதுகாப்புள்ள வீட்டை ஏற்பாடு செய்தல் அவசியம்.

விவசாயிகளும் தம் பங்கைச் செய்யவேண்டும். பயிற்சிக்கு வரும் மாணாக்கரை "புத்தகம் படித்த பிள்ளை, இவனுக்கு என்ன தெரியும்" என்று ஒதுக்காமல், தம் வயலின் தொல்லைகளை மறைக்காமல் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். எத்தனை போகமாகக் கதிர் பாலேறாமல் சாவியாகப் போகிறது, எந்த மூலையில் பயிர் எப்பொழுதும் குன்றுகிறது, எந்த மருந்து அடித்தும் பயனில்லை என்பவற்றை அவன் குறித்துக்கொள்ளட்டும். அக்குறிப்புகளுள் ஒன்றே அவன் எந்தப் பாடத்தைத் தெரிந்தெடுப்பது என்பதைத் தீர்மானித்தலும் கூடும். இவ்வாண்டு இறுதியாண்டு வகுப்பில் பயிலும் பிள்ளைகளையுடைய பெற்றோர், அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வீடு வரும்பொழுது, உத்தியோகத்தைப்பற்றிக் கேட்பதற்கு முன், எந்தக் கேள்விக்கு விடை காண விரும்புகிறாய் என்று கேட்டுப் பார்ப்பார்களாக.